தெமாரி: உமி உருண்டையில் ஒரு செவ்வந்தி

ஜப்பானிய மொழியில் 'தெ' கை, 'மாரி' பந்து. பிள்ளைகள் விளையாடிய நூல் பந்துதான், மேலே பூ தைத்து, இன்று அலங்காரப் பொருளாகிவிட்டது. பூ தைக்கத்தான் எல்லோரும் அவசரப்படுவார்கள். ஆனால் தெமாரி கோணலாவது பெரும்பாலும் அதற்கு முன்பே, பந்து சுற்றும்போதும் கோடு பிரிக்கும்போதும்தான்.

உள்ளே வைக்க நெல் உமியே நல்லது. ஜப்பானின் ககாவா வட்டாரத்தில் இன்றும் அதைத்தான் வைக்கிறார்கள். வெயிலில் நன்கு காய்ந்த உமி இரண்டு கைப்பிடி எடுத்து மெல்லிய தாளில் உருண்டையாகப் பொதியுங்கள். ஈரம் இருந்தால் பூஞ்சணம் பிடிக்கும். மேலே கம்பளி நூல், அதற்கும் மேலே சாதாரணத் தையல் நூல் சுமார் 300 மீட்டர். ஒரே பக்கமாகச் சுற்றினால் பந்து பீப்பாய் ஆகிவிடும். ஒவ்வொரு சுற்றுக்கும் பந்தைச் சற்றே திருப்புங்கள். மேடு தட்டினால் உள்ளங்கையில் வைத்து அழுத்தி உருட்டுங்கள். தையல் பிடிப்பது இந்த நூல் படலத்தில்தான், கம்பளி எங்கும் எட்டிப் பார்க்கக் கூடாது. பசை வேண்டாம், ஊசி இறங்காது. சுற்றளவு 24 செ.மீ. வந்ததும் நிறுத்துங்கள், எட்டாகப் பிரிக்க வசதியான அளவு.

1 செ.மீ. அகலத் தாள் பட்டையின் முனையை ஒரு குண்டூசியால் பந்தில் குத்துங்கள். அதுதான் வட துருவம். பட்டையைப் பந்தைச் சுற்றிக் கொண்டுவந்து, முனை சேரும் இடத்தில் வெட்டிப் பாதியாக மடியுங்கள். மடிப்பு விழும் இடம் தென் துருவம். நான்கு திசையிலும் அளந்து பாருங்கள். நான்கும் ஒரே புள்ளியில் விழாது, நடுவில் ஊசியைக் குத்துங்கள். பட்டையை மறுபடி பாதியாக மடித்தால் விழும் கால் மடிப்பு, இரு துருவங்களுக்கும் நடுவே ஓடும் நடுக்கோட்டைக் காட்டும். அதில் 3 செ.மீ.க்கு ஒன்றாக எட்டு ஊசிகள். பிறகு ஜரிகை நூலால் எட்டுக் கோடுகளையும் நடுக்கோட்டையும் இழுத்து, துருவங்களில் ஒரு சிறு தையலால் இறுக்குங்கள். 2 மி.மீ. பிசகினாலும் கடைசியில் இதழ் சாய்ந்து நிற்கும்.

இனிப் பூ. 5-ஆம் எண் பேர்ல் காட்டன் நூல் (பளபளப்பான முறுக்குப் பருத்தி நூல்), நீளமான ஊசி. முடிச்சுப் போடாமல் 4 செ.மீ. தள்ளி ஊசியை விட்டு, முதல் கோட்டில் துருவத்திலிருந்து 1 செ.மீ. கீழே, கோட்டுக்கு இடப்பக்கமாக எடுங்கள். வலப்புறக் கோட்டில் 4 செ.மீ. கீழே, ஊசி முனை இடப்பக்கம் பார்க்க, ஜரிகைக்கு அடியில் 3 மி.மீ. கடியுங்கள், அதாவது ஊசியால் அந்த அளவு நூல் படலத்தை எடுங்கள். அடுத்த கோட்டில் மேலே, அதற்கடுத்ததில் கீழே என்று சுற்றினால் நான்கு இதழ். முதல் நிறம் கீழே கடித்த கோடுகளில் இன்னொரு நிறத்தால் மேலே தொடங்கி அதையே செய்தால் எட்டு. இரண்டு நிறத்தையும் மாற்றி மாற்றி ஒவ்வொரு சுற்றாகத் தையுங்கள்.

இரண்டாம் சுற்றிலிருந்துதான் பலர் தடுமாறுவது. மேல் முனையில், முந்தைய சுற்றுகளின் நூல் அத்தனையையும் அடியில் சேர்த்து அள்ளி, அவற்றுக்கு ஒட்டிக் கீழே கடிக்க வேண்டும். கீழ் முனையில் அப்படி அள்ள வேண்டாம், பழைய தையலுக்கு ஒட்டிக் கீழே கடித்தால் போதும். ஊசி ஏற்கெனவே இருக்கும் இழையைப் பிளந்துவிட்டால் பிரித்துவிடுங்கள், பின்னால் மறையாது. இறுக்கி இழுத்தால் முனை பந்துக்குள் புதையும். தளர்ந்தால் இழை இழையாக விலகும். நூல் முறுக்கேறினால் ஊசியைத் தொங்கவிடுங்கள், தானாகச் சுழன்று நேராகும்.

நூல் தீரும்போது ஊசியை ஆழமாக 4 செ.மீ. ஓட்டி வெளியே எடுத்து, சற்று இழுத்துப் பிடித்தபடி ஒட்ட நறுக்குங்கள். முனை உள்ளே போய் மறைந்துவிடும்.