ஆச்சி கைக்குப் பட்டை சேரவில்லை

அம்பாசமுத்திரத்தில் ஆச்சி பிபி பார்த்ததும் கணக்கு புளூடூத் வழியாக அம்மா போனில் ஏறி, சென்னையில் இருக்கிற எனக்கும் வந்துவிடும். ஆனால் வீட்டில் மேல் கணக்கு 150-ஐ ஒட்டியே காட்டியது, பாளையங்கோட்டையில் டாக்டர் பார்த்தால் 136. மாத்திரையைக் கூட்டுவதற்கு முன்னால் டெய்லர் டேப்பை எடுத்து ஆச்சியின் மேற்கையை நடுவில் சுற்றி அளக்கச் சொன்னேன், 36 செ.மீ. மெஷினோடு வந்த, கையில் சுற்றும் பட்டையில் 22–32 என்று அச்சடித்திருக்கிறது. பட்டை சிறிதானால் பிரஷர் கூடுதலாகத்தான் காட்டும். பெரிய பட்டை வாங்கிப் போட்டதும் இரண்டு இடத்துக் கணக்கும் ஏறக்குறைய ஒன்றாகிவிட்டது. ஐந்து நிமிஷம் சாய்ந்து உட்கார்ந்து, கை நெஞ்சு மட்டத்தில் இருக்க, பேசாமல் பார்க்க வேண்டும் (ஆச்சிக்கு அதுதான் கஷ்டம்).

அக்கா மகனுக்குச் சிறுநீரகக் கோளாறு, ஸ்டீராய்டு எடுக்கிறான், அதனால் அவனுக்கும் பிபி பார்க்கிறோம். அவனுக்குப் பெரியவர்கள் பட்டையைச் சுற்றவே கூடாது, குறைத்துக் காட்டி நம்மை ஏமாற்றிவிடும். குழந்தைகளுக்கும் சோதித்த மெஷினா என்று கேட்டு, சின்னப் பட்டையோடு தனியாக வாங்கினோம். 13 வயதுக்குள் 120/80 என்ற பொதுக்கணக்கு செல்லாது. வயது, உயரம், ஆணா பெண்ணா என்று பார்த்து டாக்டர்தான் சொல்ல வேண்டும். ஆப்பிலும் குழந்தையின் பெயரைத் தனியாகப் பதிந்துவிடுங்கள்.