படுக்கையில் இருப்பவரைக் கிடக்க விடாதீர்கள்

அப்பாவைக் கடைசியாகக் குளிப்பாட்டிய அன்று, முதுகுக்குத் தண்ணீர் ஊற்றிய பெரியப்பா, "மூணு வருஷம் படுக்கையில இருந்த உடம்பா கண்ணு இது?" என்று கேட்டார். தோல் அவ்வளவு நன்றாக இருந்தது. வால் எலும்புக்கு மேலே மட்டும் ஐந்து ரூபாய்க் காசு அளவுக்கு ஒரு தழும்பு. அது என் அறியாமையால் வந்தது. அப்பாவை மருத்துவமனையிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்த பத்தாவது நாளே அந்த இடத்தில் புண் விழுந்துவிட்டது. ஆறுவதற்கு நான்கு மாதம் ஆயிற்று. அந்த நான்கு மாதத்திலும் அதற்குப் பிறகும் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

சேலம் அம்மாபேட்டையில் எங்களுக்கு வீட்டோடு தறி. அப்பா ஐம்பது வருடம் பட்டு நெய்தவர். 72 வயதில் பக்கவாதம் வந்து இடது கையும் காலும் விழுந்துவிட்டன. வீட்டுக்கு அனுப்பும்போது மாத்திரைச் சீட்டு கொடுத்தார்கள். எப்படித் திருப்பிப் படுக்க வைப்பது, எப்படி ஊட்டுவது என்று யாரும் காட்டித் தரவில்லை. ஏர் பெட் வாங்கிப் போட்டால் புண் வராது என்று கடையில் சொன்னார்கள். நம்பிப் போட்டுவிட்டு நான் தறியில் உட்கார்ந்துவிட்டேன். ஏர் பெட் போட்டாலும் ஆளைத் திருப்பித்தான் ஆக வேண்டும்.

கட்டிலும் விரிப்பும்

நாடாக் கட்டில் வேண்டாம். நடுவில் தொய்ந்து இடுப்பு குழிக்குள் இறங்கிவிடும், திருப்பவும் வராது. பலகைக் கட்டிலே நல்லது. பார்த்துக்கொள்பவரின் இடுப்பு உயரத்துக்கு அது இருக்க வேண்டும். நாங்கள் கால்களுக்கு அடியில் செங்கல் கொடுத்து, அசையாதபடி சிமென்ட் பூசிவிட்டோம். குனிந்து குனிந்து தூக்கினால் ஒரே மாதத்தில் உங்கள் முதுகு போய்விடும், அப்புறம் வீட்டில் இரண்டு நோயாளி. உயரமான கட்டிலிலிருந்து விழுந்துவிடாமல் ஒரு பக்கம் சுவரோ தடுப்போ இருக்கட்டும். திருப்பும் நேரத்தில் மட்டும் கட்டிலை இழுத்து இரண்டு பக்கமும் நிற்க இடம் செய்துகொள்ளுங்கள்.

ஏர் பெட்டில் காற்று போதுமா என்று பார்க்க, அவர் படுத்திருக்கும்போதே இடுப்புக்கு நேரே மெத்தைக்கு அடியில் உள்ளங்கையை விடுங்கள். எலும்பு கையில் இடித்தால் காற்று போதாது. கரண்ட் போனால் மோட்டார் நின்று காற்று இறங்கிவிடும், அதனால் அடியில் எப்போதும் ஒரு சாதாரண மெத்தை இருக்கட்டும். மேலே ஒரே ஒரு பருத்தி விரிப்பு போதும். ரெக்சின் நேராகத் தோலில் படக் கூடாது, வியர்த்து ஊறிவிடும். விரிப்பில் சுருக்கமே இருக்கக் கூடாது. பாவு நூலை நீவுவதுபோல நான்கு மூலையும் இழுத்து நீவிவிடுவேன். அப்பா நெய்தவர் அல்லவா, ஒரு மடிப்பு இருந்தாலும் வலது கையால் தடவிக் கண்டுபிடித்துவிடுவார்.

திருப்பும் முறை

பகலில் 2 மணி நேரத்துக்கு ஒரு தடவை. மல்லாக்க, வலது பக்கம், மறுபடி மல்லாக்க, இடது பக்கம். சுவரில் ஒரு காலண்டர் அட்டையில் நேரத்தையும் பக்கத்தையும் எழுதிவைத்தோம். நினைவை நம்பினால் வேலை மும்முரத்தில் நான்கு மணி நேரம் ஓடிவிடும். இரவில் 3 மணி நேரம் வரை விட்டோம், அதுவும் காலையில் தோலில் எந்த அடையாளமும் இல்லை என்று பல நாள் பார்த்துக்கொண்ட பிறகுதான்.

வலது பக்கம் திருப்ப வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். தொடும் முன் சொல்லுங்கள்: "அப்பா, வலது பக்கம் திரும்பலாங்களா?" சொல்லாமல் புரட்டினால் யாருக்கும் பயத்தில் உடம்பு விறைத்துக்கொள்ளும். முதலில் அவரைக் கட்டிலின் இடது ஓரத்துக்குக் கொஞ்சம் நகர்த்துங்கள், அப்போதுதான் திரும்பியதும் நடுவில் இருப்பார். இழுத்து நகர்த்தக் கூடாது. இழுத்தால் மேல்தோல் விரிப்போடு ஒட்டி நிற்க, உள்ளே எலும்பு மட்டும் நகரும், சதை கிழிபடும். பழைய எட்டு முழ வேட்டியை நாலாக மடித்துத் தோளிலிருந்து தொடை வரை அடியில் போட்டுவையுங்கள். இரண்டு பக்கமும் இரண்டு பேர் அந்த வேட்டியை உடம்பை ஒட்டிச் சுருட்டிப் பிடித்து ஒரே நேரத்தில் தூக்கி நகர்த்தலாம். எங்கள் வீட்டில் என் மனைவியும் நானும், அவள் இல்லாவிட்டால் பக்கத்து வீட்டுத் தம்பி.

பிறகு அவருடைய வலது பக்கம் போய் நின்றுகொள்ளுங்கள். வலது கையை உடம்பிலிருந்து கொஞ்சம் தள்ளி வையுங்கள். இடது கையை மார்பின் மேல் வைத்து, இடது முழங்காலை மடக்குங்கள். உங்கள் ஒரு கை அவர் இடது தோளுக்குப் பின்னால், இன்னொரு கை இடது இடுப்புக்குப் பின்னால். உங்களை நோக்கிச் சேர்த்து உருட்டினால் சிரமமே இல்லாமல் திரும்புவார். முழுக்க ஒருக்களித்து விட்டுவிடாதீர்கள், பாரமெல்லாம் இடுப்பின் பக்கவாட்டு எலும்பில் இறங்கும். முதுகுக்குத் தலையணை கொடுத்து, மல்லாக்கவும் இல்லாமல் ஒருக்களித்தும் இல்லாமல் ஏறக்குறைய 30 டிகிரி சாய்வில் நிறுத்துங்கள். முழங்கால்களுக்கு நடுவே ஒரு தலையணை, விழுந்த கைக்கு அடியில் ஒன்று. கெண்டைக்காலுக்கு அடியில் ஒன்று கொடுத்துக் குதிகால் எதிலும் படாமல் அந்தரத்தில் நிற்கும்படி செய்யுங்கள். தலைக்கும் சேர்த்து ஐந்து தலையணை வேண்டும். வாதம் வந்த பக்கமாகப் படுக்க வைக்கும்போது அடியில் இருக்கும் தோளைக் கொஞ்சம் முன்னால் எடுத்துவிடுங்கள், அந்தப் பக்கம் நேரத்தையும் குறைத்துக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு தடவை திருப்பும்போதும் தோலைப் பாருங்கள்: வால் எலும்பு, இடுப்பு, குதிகால், கணுக்கால், முழங்கை, தோள்பட்டை, பின்னந்தலை, காது மடல். விரலால் அழுத்தி எடுத்தால் நிறம் வெளுத்துத் திரும்ப வேண்டும். வெளுக்காத சிவப்பு, புண்ணின் ஆரம்பம். நம் நிறத்துக்குச் சிவப்பு சட்டென்று தெரியாது. சுற்றியிருக்கும் தோலைவிடக் கருத்தோ ஊதா நிறமாகவோ இருக்கிறதா, சூடாக இருக்கிறதா, கல் மாதிரி கெட்டியாக இருக்கிறதா என்று புறங்கையால் தொட்டுப் பாருங்கள். அப்படி இருந்தால் அது மாறும் வரை அந்த இடத்தின் மேல் படுக்கவே கூடாது.

நான் செய்த தப்பு அங்கேதான். சிவந்த இடத்தில் ஸ்பிரிட்டைத் தொட்டுத் தேய்த்துப் பவுடர் போட்டேன். அக்கம்பக்கத்தில் எல்லோரும் அதைத்தான் சொன்னார்கள். ஏற்கெனவே ரத்தம் ஓடாமல் நொந்திருக்கும் சதையைத் தேய்த்தால் உள்ளே இன்னும் உடையும். டியூபில் காற்றடித்து வளையம்போல இடுப்புக்கு வைப்பதும் அப்படித்தான், வளையம் அழுத்தும் இடமெல்லாம் ரத்த ஓட்டத்தை நிறுத்திவிடும். புண் ஆகிவிட்டால் மஞ்சள்தூள், ஸ்பிரிட் எதுவும் வேண்டாம். மருத்துவர் சொல்லும் மருந்துக் கட்டோடு முட்டை, பருப்பு, பால், சுண்டல் என்று புரதம் சேர்ந்தால்தான் சதை வளரும். சிறுநீரகக் கோளாறு இருந்தால் எவ்வளவு கொடுக்கலாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். நாற்றம், கறுப்பு, சீழ், காய்ச்சல் இதில் எது வந்தாலும் அன்றைக்கே காட்டுங்கள்.

"மிதிங்கப்பா"

கை, கால் மூட்டுகளை ஒரு நாளைக்கு இரண்டு தடவை, ஒவ்வொன்றையும் பத்துத் தடவை மெதுவாக மடக்கி நீட்ட வேண்டும். விரல், மணிக்கட்டு, முழங்கை, தோள், இடுப்பு, முழங்கால், கணுக்கால். மூட்டுக்கு மேலே ஒரு கை தாங்க, கீழே ஒரு கை அசைக்க வேண்டும். வலித்தால் அங்கேயே நிறுத்துங்கள். விழுந்த கையைப் பிடித்து இழுத்து யாரையும் எழுப்பாதீர்கள். அந்தத் தோளைப் பிடித்து நிறுத்தச் சதையில் வலு இல்லை, மூட்டு இறங்கிவிடும். பார்க்க வந்த உறவினர் ஒருவர் அன்போடு கையைப் பிடித்துத் தூக்கியதில், அப்பா இரண்டு மாதம் தோள்வலியில் தூங்கவில்லை.

அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் மூலமாக வீட்டுக்கே வந்த பிசியோதெரபிஸ்ட் ஒரு பெண்பிள்ளை. அப்பாவின் பாதம் கீழ்நோக்கித் தொங்க ஆரம்பித்திருந்தது. கணுக்காலை மேலே தள்ளச் சொல்லிக் கொடுத்தார். அப்பாவுக்கு அதில் மனமே ஒட்டவில்லை, வலது காலைக்கூட அசைக்க மாட்டார். இரண்டாவது தடவை வந்தபோது அந்தப் பெண் தறியைப் பார்த்துவிட்டு, "தாத்தா, இதுல காலால என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டார். மிதிப்பேன் என்றார் அப்பா. உடனே ஒரு பலகையை எடுத்து அவர் உள்ளங்காலுக்கு நேரே பிடித்து, "அப்ப மிதிங்க" என்றார். அன்றிலிருந்து அதுதான் எங்கள் பயிற்சி. நான் பலகையைப் பிடிக்க, வலது, இடது, வலது, இடது என்று சொல்வேன். வலது கால் நிஜமாகவே மிதிக்கும். இடது காலை நானே அழுத்திவிடுவேன், ஆனால் அவர் மனதால் மிதிக்க வேண்டும். ஐந்தாவது வாரம், என் கை சும்மா இருக்கும்போதே இடது கட்டைவிரல் பலகையை ஒரு தடவை தள்ளியது. அப்பா என்னைப் பார்த்தார். நான் பலகையைக் கீழே வைத்துவிட்டு அழுதேன்.

அதனால் சொல்கிறேன், உங்கள் பெரியவர் என்ன வேலை செய்தவர் என்று பாருங்கள். கொலுசுக்கு மணி கோத்தவரா, மாவு ஆட்டியவரா, வண்டி ஓட்டியவரா? கை கால் பழகிய அசைவிலிருந்து ஆரம்பியுங்கள். வலது கையால் இடது கையைக் கோத்துத் தானே மேலே தூக்குவது, முழங்கால்களை மடக்கிவைத்து இடுப்பைக் கொஞ்சம் தூக்குவது, இரண்டும் அவரே செய்யக்கூடியவை. இடுப்பு தூக்கப் பழகிவிட்டால் பெட் பேன் வைப்பது பாதி வேலையாகிவிடும். சிலருக்கு இடது பக்கம் என்ற ஒன்று இருப்பதே மறந்துபோகும். அப்பாவும் தட்டில் இடது பாதிச் சோற்றை அப்படியே விட்டுவிடுவார். அதற்காக இடது பக்கம் உட்கார்ந்துதான் பேசுவோம், ரேடியோவையும் அந்தப் பக்கமே வைத்தோம்.

உட்கார வைப்பதை அவசரப்படுத்தாதீர்கள், தள்ளியும் போடாதீர்கள். பல நாள் படுத்தவரைச் சட்டென்று நிமிர்த்தினால் ரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றும். முதுகைப் படிப்படியாக உயர்த்தி, பிறகு கட்டில் ஓரத்தில் உட்கார வைத்துப் பாதங்களை ஒரு பலகையில் அழுந்தப் பதிய வையுங்கள். முதலில் 5 நிமிடம் போதும், ஒருவர் முன்னாலேயே நிற்க வேண்டும். வீல் சேரில் உட்கார்ந்தாலும் கால் மணிக்கொரு தடவை பாரத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாற்றிவிடுங்கள்.

ஊட்டுவது

படுத்த நிலையில் ஒரு வாய்த் தண்ணீர்கூட வேண்டாம். நன்றாக நிமிர்த்தி, மோவாயைக் கொஞ்சம் கீழே தாழ்த்தி, சின்ன ஸ்பூனில், ஒரு வாய் இறங்கிய பிறகு அடுத்தது. சாப்பிட்ட பிறகும் அரை மணி நேரம் நிமிர்ந்தே இருக்கட்டும். பக்கவாதம் வந்தவருக்குக் கூழைவிடத் தண்ணீர்தான் ஆபத்து. சட்டென்று ஓடி மூச்சுக் குழாய்க்குள் போய்விடும். இருமல், விழுங்கியபின் ஈரமான கரகரத்த குரல், அடிக்கடி சளிக் காய்ச்சல் இருந்தால் ஊட்டுவதை நிறுத்தி மருத்துவரிடம் கேளுங்கள். சிலருக்கு இருமலே வராமல் உள்ளே போகும். ரசத்தில் உதிர்த்த இட்லி மாதிரி நீரும் கட்டியும் கலந்தது கஷ்டம், ஒரே பதமாக மசித்த சோறும் ராகிக் கூழும் எளிது. முடிந்ததும் வாதம் வந்த பக்கத்துக் கன்னத்தில் சோறு ஒதுங்கியிருக்கிறதா பார்த்து, துணி சுற்றிய விரலால் எடுத்துவிடுங்கள். காலையும் இரவும் பல் துலக்கிவிடுவது வெறும் சுத்தத்துக்கு மட்டும் இல்லை, வாயில் இருக்கும் கிருமி நுரையீரலுக்குப் போகாமல் இருக்கவும்தான்.

அப்பாவுக்குத் தட்டுவடை செட் என்றால் உயிர். நொறுங்குவது எதுவும் கூடாது என்று ஆனபோது, அந்தக் காரச் சட்னியை மட்டும் ஸ்பூன் நுனியில் நாக்கில் தடவிவிடுவோம். கண்ணை மூடிக்கொள்வார்.

மற்றவை

டயப்பரை நனைந்த உடனே மாற்றுங்கள், வெதுவெதுப்பான தண்ணீரில் துடைத்து ஒற்றி எடுங்கள். டியூப் இருந்தால் மூத்திரப் பை எப்போதும் இடுப்புக்குக் கீழே, ஆனால் தரையில் படாமல். மலம் பல நாள் கட்டியாக அடைத்திருக்கும்போது அதைச் சுற்றித் தண்ணீராக ஒழுகும். பேதி என்று நினைத்து நிறுத்தும் மாத்திரை கொடுத்துவிடாதீர்கள்.

ஒரு கால் மட்டும் வீங்கிச் சூடாக இருந்தால் பிடித்துவிடக் கூடாது, ரத்தக் கட்டி நகர்ந்துவிடலாம். அதுவும், மூச்சுத் திணறலும், திடீர் மயக்கமும், மூத்திரம் நின்று அடிவயிறு உப்புவதும் உடனே காட்ட வேண்டியவை. வாய் கோணினாலோ பேச்சு குழறினாலோ நேரத்தைக் குறித்துக்கொண்டு 108-ஐக் கூப்பிடுங்கள். பக்கவாதமாக இருந்தால், அடைப்பைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும்.

மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் தொடங்கியது. சர்க்கரை, பிரஷர் மாத்திரையோடு, பிசியோதெரபியும் வலி தணிக்கும் பராமரிப்பும் வீட்டுக்கே வரும். உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்கள். அவர்கள் தினமும் வர முடியாது, வரும்போது கற்றுக்கொண்டு மற்ற நாளில் நாம் செய்ய வேண்டும். முதியோருக்கான உதவி எண் 14567.

வெயில் காலத்தில் சேலத்தில் விரிப்பு நனையும் அளவுக்கு வியர்க்கும். இரண்டாவது வருடம் மே மாதம் அப்பாவை ஏற்காட்டில், மஞ்சக்குட்டையில் இருக்கும் அக்கா வீட்டுக்கு அழைத்துப்போனோம். 20 கொண்டை ஊசி வளைவு. சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துத்தான் கிளம்பினோம். முன் சீட்டைச் சாய்த்து, இடது கைக்கு அடியில் தலையணை வைத்து, நடுவில் இரண்டு இடத்தில் நிறுத்தி இடுப்பைத் தூக்கி மாற்றிவிட்டோம். குளிருக்கு அக்கா வெந்நீர்ப் பையைக் காலுக்கு வைக்க, உணர்ச்சியில்லாத இடது காலில் கொப்புளம் வந்துவிட்டது. வெந்நீர்ப் பை வேண்டவே வேண்டாம், இறுக்கமில்லாத கம்பளிச் சாக்ஸ் போதும். கனமான கம்பளி பாதத்தைக் கீழே அழுத்தாமல் இருக்க, கால்மாட்டில் ஒரு அட்டைப் பெட்டியை வைத்து அதன்மேல் போர்த்துங்கள்.

அங்கே வீட்டு முன்னால் ஒரு சில்வர் ஓக் மரத்தில் மிளகுக் கொடி ஏறியிருக்கும். வீல் சேரைத் தாழ்வாரத்தில் அதற்கு எதிரே நிறுத்தச் சொல்வார். முதல் நாள் 15 நிமிடம் உட்கார்ந்தார், இறங்கி வருவதற்கு முந்தின நாள் ஒரு மணி நேரம்.