பழைய பட்டன் பேட்ஜ் வாங்கப் போகிறீர்களா? முதலில் திருப்பிப் பாருங்கள்

அமெரிக்க விளம்பர பேட்ஜ் எது கையில் கிடைத்தாலும் நான் முதலில் பின்பக்கத்தைத்தான் பார்ப்பேன். படம் மயக்கும், வயதைச் சொல்வது பின்பக்கம். நியூவர்க் நகரின் வொயிட்ஹெட் அண்ட் ஹோக் நிறுவனத்தின் பேட்ஜ்களில் தகரக் குழிக்குள் ஒரு வட்டத்தாள் ஒட்டியிருக்கும். நிறுவனப் பெயரும் காப்புரிமைத் தேதிகளும் பொடி எழுத்தில் அதில் இருக்கும். தாள் கிழியாமல் இருந்தால் கூடுதலாகக் கொடுத்தே வாங்கலாம். ஆனால் 1896 என்று பார்த்ததும் மயங்க வேண்டாம். அது காப்புரிமை ஆண்டு. பேட்ஜ் அதற்குப் பல ஆண்டுகள் பின்னால் வந்ததாகவும் இருக்கலாம்.

அடுத்து, வெளிச்சத்தில் சாய்த்துப் பிடியுங்கள். அச்சுத்தாளின் மேல் செல்லுலாய்டு என்ற பழைய வகை பிளாஸ்டிக் மெல்லியதாகப் போர்த்தியிருக்கும். விளிம்பில் பழுப்புக் கறை படர்ந்திருந்தால் உள்ளே ஈரம் இறங்கிவிட்டது, அது போகவே போகாது. தண்ணீர் படவே கூடாது. காய்ந்த பருத்தித் துணி போதும்.

புதிதாகத் தொடங்குபவர்கள் 1940-களில் கெல்லாக்ஸ் நிறுவனத்தின் பெப் என்ற காலை உணவுத் தானிய டப்பாக்களில் வந்த காமிக்ஸ் பேட்ஜ்களைத் தேடலாம். நேரடியாகத் தகரத்தில் அச்சடித்தவை. கீறலையும் துருவையும் மட்டும் பாருங்கள்.

எனக்கு உயிர், தொழிற்சங்கச் சந்தா பேட்ஜ்கள்தான். சந்தா கட்டிய உறுப்பினர் தொப்பியில் குத்திக்கொண்டது. மாதமும் ஆண்டும் பலவற்றில் முகப்பிலேயே இருக்கும். ஒரே சங்கத்தின் பன்னிரண்டு மாதங்களையும் சேர்க்கப் பாருங்கள், அவ்வளவு அழகு! காற்றுப் புகாத பிளாஸ்டிக் உறையில் மட்டும் அடைத்துவைக்காதீர்கள்.