பல் ஆடுகிறதா? வயசைத் திட்டாதீர்கள்

பாம்பனில் என் சித்தப்பா, கிழிந்த வலையைச் சரிபண்ணும்போது தங்கூசியை, அதாவது நைலான் நரம்பை, கீழ்வரிசை முன்பல்லில் கொடுத்து வெடுக்கென்று இழுப்பார். ஒருநாள் தங்கூசி அறவில்லை, பல்தான் அசைந்தது. "அறுபது ஆகப்போகுது, இனி ஒவ்வொண்ணா ஆடத்தான் செய்யும்" என்று துப்பிவிட்டு அடுத்த கண்ணியைப் பிடித்தார். துப்பியதில் ரத்தம் இருந்தது.

பழியை வயசின் மேல் போடுவதுதான் முதல் தவறு. பல்லைப் பிடித்திருப்பது தாடை எலும்பு. ஈறோரம் படியும் அழுக்கு இறுகிக் காரையாகிறது. அங்கே குடியேறும் கிருமிகளால் ஈறு வீங்கி, நாளடைவில் உள்ளே எலும்பு கரைகிறது. கரையில் ஊன்றிய கம்பைச் சுற்றி அலை மண்ணை அரித்தால் கம்பு ஆடுமே, அப்படித்தான். பெரும்பாலும் வலியே இருக்காது. துலக்கும்போது வரும் ரத்தம்தான் முன்னறிவிப்பு. ரத்தம் வருகிறதே என்று அந்த இடத்தை மட்டும் துலக்காமல் விடுகிறவர்கள் காரைக்கு இடம் கொடுக்கிறார்கள்.

காரை கட்டுவதற்கு நம் பக்கம் உப்புத் தண்ணீரையும் திட்டுவார்கள். காரைக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்து எச்சிலிலேயே இருக்கிறது. ராமேஸ்வரத்தில் இருந்தாலும் குற்றாலத்தில் இருந்தாலும், துலக்காத பல்லில் காரை கட்டும்.

தொண்டி முதல் ஏர்வாடி வரை யாரைக் கேட்டாலும் சொல்வது ஒன்று உண்டு: "கிளீனிங் பண்ணினா பல் ஆடிரும்." இந்தப் பேச்சு கெடுத்த பற்கள் கொஞ்சமல்ல. எலும்பு கரைந்த பற்களைக் காரையே சிமென்ட் மாதிரி ஒன்றோடொன்று ஒட்டிவைத்திருக்கும். அதை எடுத்ததும் சந்து தெரியும், கூச்சம் வரும், ஏற்கெனவே இருந்த ஆட்டம் வெளிப்படும். ஆட்டத்தை உண்டாக்கியது கிளீனிங் அல்ல. வீக்கம் வடிந்து ஈறு இறுகினால் லேசான ஆட்டம் குறையவும் செய்யும். வள்ளத்தின் அடியில் ஒட்டிய சிப்பியைச் சுரண்டுகிறோம். சுரண்டியதால் பலகை இற்றுப்போனது என்று யாராவது சொல்கிறோமா?

அப்புறம் புகையிலை. வலிக்கு இதமாக இருக்கிறதென்று ஈறில் ஒதுக்குபவர்கள் உண்டு. அதிலுள்ள நிகோட்டின் ரத்தக் குழாய்களைச் சுருக்குவதால் ரத்தக் கசிவு நின்றதுபோல் தெரியும், உள்ளே எலும்பு போய்க்கொண்டே இருக்கும். வாய்ப்புற்றும் வரும் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. செங்கல் தூள், கரி, உப்புத்தூள் போட்டுத் தேய்ப்பது எனாமலைத்தான் தேய்க்கும். கிராம்பு எண்ணெய் கொஞ்ச நேரம் மரத்துப்போகச் செய்யும், அவ்வளவுதான்.

சர்க்கரை நோயை மறைத்துவிட்டுப் பல்லை மட்டும் காட்டுவதும் வீண். சர்க்கரை கூடினால் ஈறு கெடும், ஈறு கெட்டால் சர்க்கரை கட்டுக்குள் வருவது கஷ்டம். பல் டாக்டரிடம் போகும்போது மூன்று மாதச் சர்க்கரை அளவைக் காட்டும் ரிப்போர்ட்டையும் கொண்டுபோங்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதையும் சொல்லிவிடுங்கள். நீங்களாக நிறுத்தக் கூடாது. நூல் கட்டிப் பிடுங்கும் வீரமெல்லாம் பாற்பல்லோடு சரி.

ஆடும் பல் எல்லாம் பிடுங்க வேண்டிய பல்லும் அல்ல. பக்கவாட்டில் ஒரு மில்லிமீட்டருக்குள் ஆடினால் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம். மேலும் கீழுமாகவே அமுங்கினால் கஷ்டம். காரையை எடுத்து வேரைச் சுத்தம் செய்வார்கள். தேவைப்பட்டால் ஈறைத் திறந்து சிகிச்சை செய்வார்கள். ஆடும் பல்லைப் பக்கத்துப் பற்களோடு மெல்லிய கம்பியால் பிணைப்பதும் உண்டு. கரைந்த எலும்பு தானாக வளராது, அதனால் தள்ளிப்போடாதீர்கள். ராத்திரி பல்லைக் கடிப்பதாலும் அடிபட்டதாலும் பல் ஆடலாம். கர்ப்ப காலத்தில் லேசாக ஆடுவது பெரும்பாலும் பிரசவத்துக்குப் பின் சரியாகும். எதனால் என்று டாக்டர் எக்ஸ்ரே பார்த்துச் சொல்லட்டும், நாக்கால் தள்ளித் தள்ளிச் சோதிக்க வேண்டாம்.

சித்தப்பாவுக்கு நான்கு பற்களைச் சேர்த்துக் கம்பி கட்டினார்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை போய்க் காட்டுகிறார், முணுமுணுத்துக்கொண்டுதான். வலைக்கூடையில் இப்போது ஒரு நகவெட்டி கிடக்கிறது, தங்கூசி அறுக்க.