டிவிடி எழுத மறுத்தால்

யாங்கோனில் எங்கள் கோயிலின் வரவு செலவுக் கணக்கு, கல்யாணப் பதிவுகள், திருவிழாப் படங்கள் எல்லாவற்றையும் டிவிடி-ஆர்டபிள்யூ (அழித்துவிட்டுத் திரும்ப எழுதக்கூடிய) தட்டுகளில் பேக்கப் எடுத்து வைப்பது என் பொறுப்பு. எழுதுவது பாதியில் நின்றால் நான் பார்ப்பவை இவை.

முதலில் இடம். உறையில் 4.7 ஜிபி என்று போட்டிருந்தாலும் விண்டோஸ் கணக்கில் ஏறத்தாழ 4.37 ஜிபிதான். அதையும் விளிம்பு வரை நிரப்பாதீர்கள், வெளி ஓரத்தில்தான் பிழை அதிகம் வரும். ஒரே ஃபைல் 4 ஜிபியைத் தாண்டினால் யூடிஎஃப் (பெரிய ஃபைலையும் ஏற்கும் தட்டு வடிவம்) என்பதைத் தேர்ந்தெடுங்கள்.

இடம் இருந்தும் மறுக்கிறதா? விரைவு அழிப்பை நம்பாதீர்கள். அது உள்ளடக்கப் பட்டியலைத்தான் நீக்கும், பழைய தரவு அப்படியே கிடக்கும். முழு அழிப்பு கொடுங்கள். நேரம் பிடிக்கும்தான், ஆனால் பிடிவாதம் பிடிக்கும் தட்டுகள் பல இதிலேயே வழிக்கு வந்துவிடும். அப்புறம், டிரைவ் அனுமதித்தால் எழுதும் வேகத்தை 4எக்ஸிலிருந்து 2எக்ஸுக்கு இறக்குங்கள்.

இங்கே கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. யூபிஎஸ் இல்லாமல் தொடங்கவே கூடாது. பேட்டரி நிறைந்த லேப்டாப் என்றால் சரி. மழைக்காலத்தில் ஏசி அறையிலிருந்து எடுத்து வந்த தட்டில் ஈரம் பூக்கும். காய விட்டு, நடுவிலிருந்து ஓரத்துக்கு நேராகத் துடையுங்கள், வட்டமாக வேண்டாம்.

எழுதி முடிந்ததும் சரிபார்ப்பு (எழுதியதை மூல ஃபைலோடு ஒப்பிடுவது) கட்டாயம். முடிந்தால் வேறு கணினியிலும் திறந்து பாருங்கள். முழு அழிப்புக்குப் பிறகும் சரிபார்ப்பில் தவறும் தட்டில் கல்யாணப் பதிவை வைக்காதீர்கள், புதியது வாங்குங்கள்.