கேம்பர் வானில் சமையல் எரிவாயு: பிரித்தானியாவுக்குப் புதிதாக வந்துள்ள யாழ்ப்பாணத்தவருக்கு

பிரித்தானியாவுக்கு வந்து வேலையும் வீடும் ஓரளவு நிலைத்ததும் பழைய கேம்பர் வான் ஒன்றை வாங்கும் குடும்பங்கள் இப்போது நம்மவர்களிடையே உண்டு. பிள்ளைகளின் கோடை விடுமுறைக்கு வேல்ஸ் கடற்கரைக்கோ ஸ்கொட்லாந்து மலைப்பகுதிக்கோ போகலாம், விடுதிக்குப் பணம் கட்ட வேண்டியதில்லை, சோறும் கறியும் நாமே சமைத்துக்கொள்ளலாம் என்பதே அதன் கவர்ச்சி. வாங்கப் போகிறவர்கள் இயந்திரத்தைப் பார்க்கிறார்கள், ரயரைப் பார்க்கிறார்கள், அடியில் துருப் பிடித்திருக்கிறதா என்று குனிந்தும் பார்க்கிறார்கள். பக்கவாட்டுப் பெட்டிக்குள் நிற்கும் எரிவாயு சிலிண்டரையும், அதிலிருந்து அடுப்புக்கும் குளிர்சாதனப் பெட்டிக்கும் சூடாக்கிக்கும் போகும் குழாய்களையும் பெரும்பாலும் எவரும் பார்ப்பதில்லை. இந்த வழிகாட்டி அவற்றைப் பற்றியது.

எரிவாயு நமக்குப் புதியதன்று. விறகும் பொச்சும் எரிந்த யாழ்ப்பாணத்துக் குசினிகளுக்கு 12.5 கிலோகிராம் சிலிண்டர் வந்து நெடுங்காலமாகிவிட்டது. 2021ஆம் ஆண்டின் இறுதியில் இலங்கையில் அடுத்தடுத்து எரிவாயு வெடிப்புகள் நிகழ்ந்து, சிலிண்டருக்குள் புரொப்பேனும் பியூற்றேனும் கலக்கும் விகிதம் மாற்றப்பட்டதா என்ற கேள்வி எழுந்து, அதை ஆராய ஜனாதிபதி ஒரு குழுவையும் நியமித்த நாட்களில், இந்த வாயுவைப் பற்றி நாம் எல்லோரும் கொஞ்சம் கற்றுக்கொண்டோம். எனினும் ஊரில் நம்மைக் காத்துவந்தவற்றுள் முதன்மையானது நமது அறிவன்று, நமது குசினியின் அமைப்பு. முற்றத்துப் பக்கம் திறந்திருக்கும் கதவும் கம்பி யன்னலும் ஓட்டுக் கூரைக்கும் சுவருக்கும் இடையே உள்ள வெளியும் சிறு கசிவுகளை நாம் அறியாமலே கலைத்துவிட்டன.

வானுக்குள் அந்த வெளி கிடையாது. புரொப்பேன் காற்றைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கும் பியூற்றேன் இரண்டு மடங்கும் பாரமானவை. கசிந்தால் மேலே எழுந்து போகாமல் தரையில் படிந்து, இருக்கைகளின் கீழும் கட்டிலின் கீழும் தேங்கும். காற்றில் ஏறத்தாழ 2 சதவீதம் புரொப்பேன் கலந்தாலே தீப்பற்றப் போதும். ஒரு கிலோகிராம் புரொப்பேன் ஆவியாகும்போது 500 லீற்றருக்கும் அதிகமான வாயுவாக விரிகிறது. பத்துக் கன மீற்றர் உள்வெளி கொண்ட ஒரு வானை எடுத்துக்கொண்டால், 400 கிராமுக்கும் குறைவான கசிவு அதன் முழுக் காற்றையும் வெடிக்கத்தக்க கலவையாக்கிவிடும். வாயு கீழே மட்டும் தேங்கி நிற்பதால் ஆபத்து அதற்கு முன்னரே தொடங்கிவிடுகிறது. இதனாலேயே முறையாக அமைக்கப்பட்ட வான்களின் தரையில் சிறு துவாரங்கள் விடப்பட்டிருக்கும். சிலிண்டர் இருக்கும் பெட்டியும் உட்பகுதியிலிருந்து முற்றாக அடைக்கப்பட்டு, கீழே வெளிப்புறம் நோக்கித் துவாரம் கொண்டிருக்கும்.

சட்டம் எதைக் கேட்கிறது?

பலரும் தவறாக விளங்கிக்கொள்வது எம்.ஓ.டி. சான்றிதழைத்தான். அது நிறுத்துவிசை, விளக்கு, ரயர், புகை என்று வாகனம் வீதியில் ஓடத் தகுதியானதா என்பதைச் சோதிப்பது. பின்னால் உள்ள அடுப்பும் சூடாக்கியும் அவற்றின் குழாய்களும் அந்தச் சோதனைக்குள் வருவதில்லை. விற்பவர் "போன கிழமைதான் எம்.ஓ.டி. எடுத்தது" என்று சொல்வது உண்மையாகவே இருக்கலாம், ஆனால் எரிவாயுவைப் பற்றி அந்தத் தாள் ஒரு சொல்லும் சொல்லாது.

சொந்தப் பாவனைக்கு மட்டும் வைத்திருக்கும் கேம்பர் வானுக்கு ஆண்டுதோறும் எரிவாயுச் சோதனை செய்ய வேண்டும் என்று பிரித்தானியச் சட்டம் கட்டாயப்படுத்துவதில்லை. ஆண்டுக்கு ஒருமுறை செய்வதே நல்லது என்பது துறையினரின் அறிவுரை. அதே வானைப் பணத்துக்கு வாடகைக்கு விட்டால் நிலைமை மாறிவிடுகிறது. 1998ஆம் ஆண்டின் எரிவாயுப் பாதுகாப்பு ஒழுங்குவிதிகளின்படி, வாடகைக்கு விடுபவர் 12 மாதங்களுக்கு ஒருமுறை பதிவுபெற்ற பொறியியலாளரைக் கொண்டு சோதித்து, அதன் பதிவை வைத்திருக்க வேண்டும். குளிர்காலத்தில் வான் சும்மா நிற்கிறதே, இணையத்தில் போட்டு வாரக் கணக்கில் வாடகைக்குக் கொடுப்போம் என்று நினைப்பவர்கள் இந்தக் கடமையையும் சேர்த்தே கணக்குப் பார்க்க வேண்டும். மறுபுறம், வந்த புதிதில் மலிவான தங்குமிடம் என்று கரவன் ஒன்றில் வாடகைக்கு இருக்க நேர்ந்தவர்கள், குடிபுகுவதற்கு முன்பே அந்தப் பதிவின் பிரதியைக் கேட்டுப் பெறும் உரிமை தங்களுக்கு உண்டு என்பதை அறிந்திருக்க வேண்டும். உரிமையாளர் முகம் சுளித்தாலும் கேட்கத் தயங்க வேண்டாம்.

யாரைக் கொண்டு செய்விப்பது?

2009 ஏப்ரல் முதலாம் திகதி முதல் பெரிய பிரித்தானியாவில் எரிவாயு வேலை செய்பவர்களைப் பதிவுசெய்யும் அமைப்பு காஸ் சேஃப் ரெஜிஸ்டர் ஆகும். அதற்கு முன் இருந்தது கோர்ஜி. இன்னும் கோர்ஜி அட்டையைக் காட்டிப் பேசுகிறவரை அப்படியே அனுப்பிவிடலாம்.

நம்மவர்களிடையே வேறொரு சிக்கல் உண்டு. கோயிலிலோ கடையிலோ விசாரித்தால், "நமக்குத் தெரிந்த தம்பி ஒருவர் இருக்கிறார், பொயிலர் வேலை எல்லாம் செய்வார்" என்று யாராவது ஓர் இலக்கத்தைத் தருவார்கள். அந்தத் தம்பி நல்லவராகவும் திறமைசாலியாகவும் முறையாகப் பதிவுபெற்றவராகவும் இருக்கலாம். அப்படியிருந்தும் உங்கள் வானில் கை வைக்கத் தகுதி இல்லாதவராக இருக்கலாம். வீடுகளுக்குக் குழாய்வழி வரும் இயற்கை எரிவாயு வேறு, சிலிண்டரில் வரும் திரவப் பெற்றோலிய வாயு வேறு. பின்னையதிலும் பொழுதுபோக்கு வாகனங்கள் தனிப் பிரிவாகக் கணிக்கப்படுகின்றன. காஸ் சேஃப் அட்டையின் முன்பக்கத்தில் படமும் பதிவிலக்கமும் காலாவதித் திகதியும் இருக்கும். அவர் எந்தெந்த வேலைகளைச் செய்யத் தகுதி பெற்றவர் என்பது பின்பக்கத்திலேயே எழுதப்பட்டிருக்கும். அட்டையைத் திருப்பிப் பார்ப்பதை அவமரியாதை என்று எண்ண வேண்டாம், இங்கே அது வழக்கம். 0800 408 5500 என்ற இலக்கத்தை அழைத்தோ அமைப்பின் இணையத்தளத்திலோ அவருடைய விபரங்களைச் சரிபார்க்கவும் முடியும்.

கரவன் பட்டறைகளில் செய்யப்படும் 'ஹபிற்றேஷன்' சோதனையிலும் எரிவாயுப் பகுதி வருவதுண்டு. ஈரக் கசிவு, மின்சாரம், நீர்க்குழாய் என்று வாழும் பகுதி முழுவதையும் பார்க்கும் பொதுச் சோதனை அது. அதில் எரிவாயுவைப் பொறுத்தவரை என்னென்ன சோதிக்கப்படும், தனிப் பதிவு தருவார்களா என்று நாள் குறிக்கும்போதே கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். சோதனைக் கட்டணத்துக்குள் திருத்த வேலையும் அடங்குமா என்பதையும் கேளுங்கள், பொதுவாக அடங்காது.

சோதனையின்போது நடப்பது

பொறியியலாளர் முதலில் அமுக்கமானி ஒன்றைக் குழாயமைப்பில் பொருத்தி, அமுக்கத்தை ஏற்றி, அது நிலைகொள்ளவிட்டு, குறித்த நிமிடங்களுக்குள் இறங்குகிறதா என்று பார்ப்பார். இறங்கினால் எங்கோ கசிகிறது. பிறகு அடுப்பையும் சூடாக்கியையும் எரியவிட்டு, வேலை செய்யும்போது அமுக்கம் சரியாக இருக்கிறதா என்று அளப்பார். இப்போதைய வான்கள் புரொப்பேனுக்கும் பியூற்றேனுக்கும் பொதுவாக 30 மில்லிபாரில் இயங்குபவை. 2000களின் தொடக்கத்துக்கு முந்திய பிரித்தானிய வான்களில் பியூற்றேனுக்கு 28 மில்லிபாரும் புரொப்பேனுக்கு 37 மில்லிபாரும் தனித்தனி ரெகுலேற்றர்களால் கொடுக்கப்பட்டன. பழைய வானை வாங்கியவர், அடுப்பில் ஒட்டப்பட்டிருக்கும் தகட்டில் உள்ள அமுக்கமும் ரெகுலேற்றரில் உள்ள அமுக்கமும் ஒன்றா என்பதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். இலங்கையிலிருந்து அடுப்பையோ ரெகுலேற்றரையோ பெட்டியில் வைத்துக் கொண்டுவந்து பொருத்துவதை நான் எந்த நிலையிலும் ஏற்கமாட்டேன்.

சுவாலை அணைந்தால் வாயுவைத் தானாக நிறுத்தும் கருவி ஒவ்வோர் அடுப்புவாயிலும் வேலை செய்கிறதா, சூடாக்கியின் புகைபோக்கி வெளியே ஒழுங்காகப் போகிறதா, காற்றுத் துவாரங்கள் திறந்திருக்கின்றனவா என்பனவும் பார்க்கப்படும். குறை கண்டால் 'உடனடி ஆபத்து' அல்லது 'ஆபத்து ஏற்படக்கூடியது' என்று வகைப்படுத்திப் பதிவார். முதல் வகை என்றால் அந்தக் கருவி அந்த இடத்திலேயே துண்டிக்கப்படும், அல்லது அதற்கு உங்கள் ஒப்புதல் கேட்கப்படும். பயணம் நாளைக்கு என்று வாதாடுவதில் பயனில்லை.

வெறும் பொருட்கள் ஏற்றும் வானைத் தாமே கேம்பராக மாற்றியவர்களுக்கும், அப்படி மாற்றப்பட்டதை மலிவாக வாங்கியவர்களுக்கும் இங்கே ஒரு தடை வரலாம். வீட்டு அடுப்பு பொருத்தப்பட்டிருந்தாலோ, சிலிண்டர் திறந்தபடி கட்டிலின் கீழ் நின்றாலோ, பொறியியலாளர் பதிவு கொடுக்க மறுப்பார். வாங்குவதற்கு முன்பே சோதிப்பிக்கச் சொல்வது இதனால்தான்.

நீங்களே பார்க்கக்கூடியவை

குழாய்களைக் கழற்றுவதும் பொருத்துவதும் உங்கள் வேலையன்று. பார்ப்பதும் முகர்வதும் உங்கள் வேலைதான். இறப்பர்க் குழாயில் தயாரிப்பு ஆண்டு அச்சிடப்பட்டிருக்கும். வெடிப்போ இறுக்கமோ தெரிந்தாலும், தயாரிப்பாளர் குறித்த காலம் கடந்திருந்தாலும் மாற்றிவிட வேண்டும். ரெகுலேற்றருக்குப் பொதுவாகப் பத்து ஆண்டுகள்தான் ஆயுள். சிலிண்டரை மாற்றிய ஒவ்வொரு முறையும் இணைப்பில் கசிவு காட்டும் திரவத்தைத் தெளித்துப் பாருங்கள். பாத்திரம் கழுவும் சவர்க்காரத்தில் உப்பு இருப்பதால் அது பித்தளையை அரிக்கும். அதற்கென்றே விற்கப்படும் திரவம் மலிவானதுதான். நெருப்புக்குச்சியை உரசிப் பார்ப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள் என்பதால் அது கூடவே கூடாது என்பதையும் எழுத வேண்டியுள்ளது.

சிலிண்டரின் நிறத்தை நம்பி வாங்க வேண்டாம். காலோர் நிறுவனத்தின் சிவப்புச் சிலிண்டர் புரொப்பேன், நீலம் பியூற்றேன். வேறு நிறுவனத்தின் பியூற்றேன் மஞ்சளாக இருக்கும். எழுதியிருப்பதை வாசியுங்கள். புரொப்பேன் சிலிண்டரின் மரை இடப்புறமாகத் திரும்பி இறுகுவது, வழக்கமான திசையில் பலம் கொடுத்தால் கெட்டுவிடும்.

குளிர் நமக்கு இன்னுமொரு பாடம் வைத்திருக்கிறது. பியூற்றேன் கிட்டத்தட்ட பூச்சியப் பாகை செல்சியசில் ஆவியாவதை நிறுத்திவிடும். புரொப்பேனுக்கு அந்த எல்லை மறை 42 பாகை. தை மாதப் பனிக்கே போர்வை தேடும் ஊரிலிருந்து வந்தவர்களுக்கு, சிலிண்டரில் வாயு இருந்தும் அடுப்பு எரியாமல் போவது புதிராகத்தான் இருக்கும். அப்போது சிலிண்டரைச் சூடாக்க முற்படாதீர்கள். குளிர்காலத்தில் போவதானால் புரொப்பேனை வாங்குங்கள்.

குளிருக்காகத் தரைத் துவாரங்களையும் சுவர்த் துவாரங்களையும் துணியால் அடைப்பது அதைவிடக் கொடிது. காற்றுப் போதாமல் எரியும் அடுப்பு காபனோரொட்சைட்டு என்ற நச்சு வாயுவை வெளியிடும். அதற்கு நிறமும் மணமும் இல்லை. சிலிண்டர் வாயுவில் மணத்துக்காகச் சேர்க்கப்படும் பொருள் கசிவைத்தான் காட்டிக்கொடுக்கும், இதைக் காட்டாது. நீலமாக எரிய வேண்டிய சுவாலை மஞ்சளாவதும், பாத்திரத்தின் அடியில் கரி படிவதும், வானுக்குள் இருக்கும் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தலையிடியும் குமட்டலும் வருவதும் அறிகுறிகள். நமது சமையல் முறையும் இதில் சேர்கிறது: இரண்டு அடுப்புவாய்களையும் மூடும் அளவுக்குப் பெரிய தாச்சியை வைத்து நெடுநேரம் எரியவிட்டால், சுவாலைக்குக் காற்றுக் கிடைக்காமல் இந்த வாயு உண்டாகும். பெரிய சமையலை வெளியில் வைத்துக்கொள்ளுங்கள். அடுப்பைச் சூடாக்கியாகப் பாவிக்க வேண்டாம். இறைச்சி சுட்ட கரி அடுப்பை, நெருப்பு அணைந்துவிட்டது என்று எண்ணி, மழைக்காக உள்ளே எடுத்து வைக்கவும் வேண்டாம். ஈ.என். 50291-2 என்று குறிக்கப்பட்ட காபனோரொட்சைட்டு எச்சரிக்கைக் கருவியே வாகனங்களுக்கு உரியது. வீட்டுக்கானதன் இலக்கம் 50291-1 என்று முடியும். எரிவாயுக் கசிவுக்கான கருவி வேறு, அதைத் தரையை ஒட்டிப் பொருத்த வேண்டும்.

வாயுவின் மணம் வந்தால் சிலிண்டரின் வால்வை மூடி, மின் ஆளி எதையும் தொடாமல், கதவுகளைத் திறந்துவிட்டு எல்லோரும் வெளியே வர வேண்டும். தொலைபேசியைத் தூரமாகப் போன பிறகே எடுங்கள். சிலிண்டரில் நிறுவனத்தின் அவசர இலக்கம் இருக்கும். தீயோ மயக்கமோ என்றால் 999.

ஓடும்போது சிலிண்டரை மூடி, நிமிர்த்திக் கட்டி வைத்திருப்பதே பாதுகாப்பானது. பெற்றோல் நிரப்பும் இடத்துக்குள் நுழையுமுன் எரிவாயுவில் இயங்கும் குளிர்சாதனப் பெட்டியையும் நிறுத்த வேண்டும். அதன் சுவாலை வெளிப்புறத் தட்டிக்குப் பின்னால் மறைந்திருப்பதால் பலருக்கு அது நினைவுக்கு வருவதில்லை.

பாரிஸ் உறவினரிடமோ ஜேர்மனியில் உள்ள சகோதரர்களிடமோ வானிலேயே போக விரும்புபவர்கள், பிரான்சுக்குப் போகும் ஆங்கிலக் கால்வாய்ச் சுரங்கத்தில் எடுத்துச் செல்லக்கூடிய சிலிண்டர்களுக்கு எடை வரம்பு உண்டு என்பதையும், எரிவாயுவால் இயந்திரம் ஓடும் வாகனங்கள் அங்கே ஏற்றப்படுவதில்லை என்பதையும் பயணச்சீட்டு எடுக்குமுன் கவனிக்க வேண்டும். ஜேர்மனியில் பதிவுசெய்யப்பட்ட வான்களுக்கு ஜி 607 என்ற எரிவாயுச் சோதனை இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை செய்யப்பட்டு மஞ்சள் புத்தகத்தில் பதியப்படுகிறது; 2025ஆம் ஆண்டு முதல் அது அங்கே சட்டக் கடமை. அங்கிருந்து வான் வாங்கிவர எண்ணுபவர்கள் அந்தப் புத்தகத்தையும் கேட்டு வாங்குங்கள்.