பழைய ஆம்னியை மலை ரோட்டுக்கு ரெடி பண்றது எப்படி: பிரேக்ல ஆரம்பிங்க, பெட்டுல இல்ல

பழைய வேன் ஒண்ணு வாங்கியாச்சு, லீவு விட்டா குடும்பத்தோட சுத்தணும், ஆனா எங்க கை வைக்கறதுன்னு தெரியலங்கறவங்களுக்குதான் இது. என்கிட்ட இருக்கறது தொண்ணூறுகள்ல வந்த கார்புரேட்டர் மாடல் மாருதி ஆம்னி, நாங்க இருக்கறது கோத்தகிரி, அதனால கீழ சொல்றது எல்லாமே ஏத்த இறக்கத்தை மனசுல வச்சு சொல்றதுதான். ஜாக்கி போட, வீல் கழட்ட, ஸ்பேனர் பிடிக்க தெரியும்னு வச்சுக்கிட்டு போறேன். ஒண்ணு மட்டும், ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில படுக்காதீங்க, ஸ்டாண்டு வாங்குங்க, செங்கல் எல்லாம் வேண்டாம்.

"விண்டேஜ் வேனா"ன்னு எல்லாரும் கேக்கறாங்க. சட்டப்படி இல்லைங்க. 2021ல வந்த விதிப்படி 50 வருஷத்துக்கு மேல ஆன, ஒரிஜினல் மாறாத வண்டிதான் விண்டேஜ், அதுக்கு விஏன்னு தனி நம்பர் வரிசை, அதை தினமும் ரோட்ல ஓட்டவும் கூடாது. ஆம்னி வந்ததே 1984ல, 2019ல நிறுத்திட்டாங்க, ஆக நம்மளது வெறும் பழைய வண்டி, அதுவே நல்லது, சந்தைக்கும் போலாம் ஊட்டிக்கும் போலாம்.

ஸ்டெப் 1: பேப்பர்

சலிப்பான வேலைதான் ஆனா முதல்ல இதை முடிங்க. சொந்த உபயோக வண்டிக்கு ஆர்சி 15 வருஷம், அதுக்கப்புறம் 5 வருஷத்துக்கு ஒருக்கா ஆர்டிஓல வண்டியை காட்டி புதுப்பிக்கணும். அப்ப சேசிஸ் நம்பரை பென்சில்ல தேச்சு அச்சு எடுப்பாங்க, மலையில ஓடின வண்டில அந்த நம்பர் மேலேயே துரு ஏறி இருக்கும், அதனால வாங்கறதுக்கு முன்னாடியே டார்ச் அடிச்சு நம்பர் படிக்க முடியுதான்னு பாத்துடுங்க. ஆம்னி நிறைய பேர் கேஸ்ல ஓட்டினது, கேஸ் கிட் இருந்துச்சுன்னா ஆர்சில எரிபொருள்ங்கற இடத்துல எல்பிஜின்னு இருக்கணும், டேங்கை 5 வருஷத்துக்கு ஒருக்கா டெஸ்ட் பண்ணின சீட்டு இருக்கணும். ரெண்டும் இல்லைன்னா மொத்தமா கழட்டிட்டு பெட்ரோலுக்கே வந்துடுங்க. வீட்டு சிலிண்டரை வச்சு ஓட்டின வண்டின்னு தெரிஞ்சா வாங்கவே வாங்காதீங்க.

ஸ்டெப் 2: துரு

நீலகிரில தென்மேற்கு மழையும் வரும் வடகிழக்கும் வரும், நடுவுல மூடுபனி, தகரம் காயறதுக்கு நேரமே கிடையாது. ஸ்க்ரூட்ரைவர் பின்பக்கத்தால தட்டிக்கிட்டே போங்க, டங்குன்னு கேட்டா தகரம், டப்புன்னு கேட்டா உள்ள ஒண்ணும் இல்ல, வெறும் பட்டியும் பெயிண்டும்தான். முக்கியமா பாக்க வேண்டியது ஸ்லைடிங் டோர் ஓடற கீழ் தண்டவாளம், படிக்கட்டு ஓரம், ஃப்ளோர் மேட்டுக்கு அடியில இருக்கற தகரம், சீட் பெல்ட் போல்ட் பிடிச்சிருக்கற இடம். கடைசியா சொன்னதுல ஓட்டை இருந்தா பெல்ட் போட்டும் பிரயோஜனம் இல்ல. மேலாப்புல இருக்கற துருவுக்கு வயர் பிரஷ், அப்புறம் ரஸ்ட் கன்வெர்ட்டர், அப்புறம் பிரைமர் போதும். ஓட்டை விழுந்துட்டா டிங்கர் கடைல வெட்டி எடுத்து புது தகரம் வச்சு வெல்டு பண்றதுதான் ஒரே வழி, பட்டி வச்சு பூசறேன்னு சொல்றவர்கிட்ட கும்பிடு போட்டுட்டு வந்துடுங்க. அடியில கோட்டிங் அடிக்கறது நல்லா வெயில் அடிக்கற நாலஞ்சு நாள் பாத்து பண்ணணும், ஈரத்துக்கு மேல அடிச்சா துருவை உள்ள வச்சு மூடின மாதிரி ஆயிடும்.

ஸ்டெப் 3: பிரேக்

இங்கதான் ரொம்ப நேரம் நிக்கப்போறேன், ஏன்னா என்னை படுத்தி எடுத்ததே இதுதான்.

கோத்தகிரில இருந்து மேட்டுப்பாளையம் 33 கிலோமீட்டர், அதுக்குள்ள கிட்டத்தட்ட 1,500 மீட்டர் இறங்கறோம். ஆள், சாமான் எல்லாம் சேத்து ஆம்னி 1,150 கிலோன்னு வச்சுக்கோங்க, அந்த உயரம் இறங்கறதுல வெளிய வர்ற சக்தியை வச்சு 6 லிட்டர் தண்ணியை கொதிக்க வச்சு மொத்தமா ஆவியாக்கிடலாம். அவ்வளவு சூடும் பிரேக்குக்கோ என்ஜினுக்கோ காத்துக்கோதான் போயாகணும்.

எங்க வண்டில என்ன ஆச்சுன்னா, மேல எல்லாம் கல்லு மாதிரி இருக்கற பெடல் குஞ்சப்பனை நெருங்கறப்ப பஞ்சு மாதிரி ஆகும், ரெண்டு மூணு தடவை பம்ப் பண்ணினாதான் பிடிக்கும், அரை மணி நேரம் ஓரமா நிறுத்தினா மறுபடி சரியாயிடும். ஒர்க்‌ஷாப்புக்கு போனா அங்க வண்டி ஆறி இருக்கும், அவங்க பெடலை மிதிச்சு பாத்துட்டு நல்லாத்தானே இருக்குன்னுவாங்க. ஒரு இடத்துல வீல் டிரம்ல உரசி வண்டியை நிறுத்தற லைனரை மாத்தினாங்க, ஒரு இடத்துல டிரம் கடைசல் போட்டாங்க, இன்னொரு இடத்துல, பெடலை மிதிச்சா ஆயிலை வீலுக்கு தள்ளற மாஸ்டர் சிலிண்டரோட கிட்டை மாத்திட்டு பழைய ஆயிலையே ஊத்தி அனுப்பினாங்க. கடைசில பாத்தா விஷயமே அந்த ஆயில்தான்.

இதை புரிஞ்சுக்கோங்க, பிரேக் ஆயில் காத்துல இருக்கற ஈரத்தை உறிஞ்சும். டாட் 3, டாட் 4ங்கறது ஆயிலோட ரகம். டாட் 3 ஆயில் புதுசா இருக்கறப்ப 205 டிகிரி வரைக்காவது கொதிக்காம தாங்கணும்னு கணக்கு, ஈரம் ஏறிட்டா அது 140க்கு வந்துடும். டாட் 4க்கு 230, ஈரம் ஏறினா 155. நம்ம ஊர் பனிக்கு வருஷக்கணக்கா மாத்தாத ஆயில் எந்த லட்சணத்துல இருக்கும்னு நீங்களே பாத்துக்கோங்க. இறக்கத்துல வீல் பக்கம் சூடு ஏறி ஆயில் கொதிச்சு குமிழ் வருது, குமிழ் அமுங்கும், ஆயில் அமுங்காது, அதனாலதான் பெடல் கீழ போகுது. ஆறினதும் குமிழ் அடங்கிடும், பழையபடி நல்லா பிடிக்கும். மெக்கானிக் கண்ணுல படாம தப்பிச்சுக்கிட்டே இருந்தது இப்படித்தான்.

இன்னொரு வகை இருக்கு, ரெண்டையும் குழப்பிக்காதீங்க. பெடல் டைட்டாவே இருக்கும், எவ்வளவு மிதிச்சாலும் வண்டி நிக்காம வழுக்கும், கருகின வாசனை வரும். அது லைனர் சூடாகி பிடிப்பு விட்டது. பெடல் தொய்ஞ்சு கீழ போனா ஆயில், பெடல் டைட்டா இருந்தும் நிக்கலைன்னா லைனர். எது வந்தாலும் செய்ய வேண்டியது ஒண்ணுதான், கியரை குறைச்சு, ஹேண்ட் பிரேக்கையும் சேத்து பிடிச்சு ஓரங்கட்டி ஆற விடணும். டிரம் மேல தண்ணி ஊத்தாதீங்க, விரிசல் விடும்.

இப்ப ஆயில் மாத்தற முறை. ரெண்டு பேர் வேணும். டாட் 4, அரை லிட்டர் டப்பா, சீல் உடைக்காதது. டாட் 3 இருந்த வண்டில டாட் 4 ஊத்தலாம், டாட் 5னு தனியா சிலிக்கான் ஆயில் ஒண்ணு இருக்கு, அது மட்டும் ஆகாது. முதல்ல மேல இருக்கற டப்பால உள்ள கஷாயத்தை சிரிஞ்ச்ல உறிஞ்சி எடுத்துட்டு புதுசு ஊத்துங்க. மாஸ்டர் சிலிண்டருக்கு ரொம்ப தூரமான வீல்ல ஆரம்பிக்கணும், அதாவது பின் இடது, அப்புறம் பின் வலது, முன் இடது, முன் வலது. வீல் பின்னாடி ஆயிலை வெளிய விடறதுக்கு நிப்பிள்னு ஒரு சின்ன மரை இருக்கும், அதுல துரு ஏறி இருக்கும், முந்தின நாள் ராத்திரியே டபிள்யூடி-40 அடிச்சு விட்டுட்டு ரிங் ஸ்பேனர் மட்டும் போடுங்க. நான் டபாரியா ரிங் செட்டுதான் வச்சிருக்கேன். ஸ்க்ரூ ஸ்பேனர் வச்சீங்கன்னா நிப்பிள் மூலை மழுங்கிடும், அப்புறம் வீல் சிலிண்டரையே மாத்தணும். நிப்பிள்ல உள்ள இருக்கறது தெரியற பிளாஸ்டிக் டியூப் மாட்டி இன்னொரு முனையை கொஞ்சம் ஆயில் இருக்கற பாட்டில்ல முக்கி வைங்க.

எங்க வீட்ல பெடல் டியூட்டி வீட்டம்மாக்கு. "அமுத்தும்மா", நான் நிப்பிளை திறக்கறேன், "என்னங்க, கீழ போயிருச்சு", நான் மூடறேன், "இப்ப விடு". இந்த வரிசை மாறக்கூடாது, மூடறதுக்கு முன்னாடி காலை எடுத்தா காத்து உள்ள போயிடும். இன்னொரு முக்கியமான விஷயம், பெடலுக்கு அடியில ஒரு மரக்கட்டை வைங்க. பழைய மாஸ்டர் சிலிண்டர்ல பெடல் வழக்கமா போகாத கடைசி பகுதில துரு இருக்கும், ஏர் எடுக்கறப்ப தரை வரைக்கும் மிதிச்சா உள்ள இருக்கற ரப்பர் அந்த துருவுல உரசி கிழிஞ்சிடும், ஆயில் மாத்தப்போய் மாஸ்டர் சிலிண்டர் போச்சுன்னு பல பேர் சொல்றது இதனாலதான். மேல டப்பால ஆயில் காலியாக விடாதீங்க. பெயிண்ட் மேல சிந்தினா உடனே தண்ணி ஊத்தி கழுவுங்க, உரிச்சிடும். மிச்ச ஆயிலை அடுத்த வருஷத்துக்குன்னு எடுத்து வைக்காதீங்க, திறந்த டப்பாவும் ஈரம் இழுக்கும். ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா மாத்துங்க. அப்படியே ரப்பர் ஹோஸையும் மாத்திடுங்க, வெளிய பாக்க நல்லாத்தான் இருக்கும், உள்ள உப்பி அடைச்சிருந்தா பிரேக்கை விட்டாலும் வீல் விடாது.

அப்புறம் பெட்ரோல் மிச்சம்னு நியூட்ரல்ல இறக்கறது, சாவியையே ஆஃப் பண்ணி இறக்கறது, நம்ம ஊர்ல பெரிய கெட்டிக்காரத்தனம் மாதிரி சொல்லிக்கறாங்க. பெடல் மிதியை லேசாக்கற பூஸ்டர் இருக்கற வண்டில என்ஜின் நின்னா ரெண்டு மூணு மிதியோட உதவி போச்சு, பெடல் கல்லாயிடும், சாவியை எடுத்துட்டா ஸ்டீயரிங்கும் லாக் ஆகும். எந்த கியர்ல ஏறுவீங்களோ அதே கியர்ல இறங்குங்க. ஊட்டில இருந்து மசினகுடிக்கு இறங்கற கல்லட்டில, 36 கொண்டை ஊசி வளைவு இருக்கற ரோடு, வெளியூர் வண்டியை இறங்க விடாததே இந்த பிரேக் சமாச்சாரத்தாலதான். டிஎன் 43னு நீலகிரி நம்பர் இருக்குங்கறதுக்காக உங்க பிரேக் சூடாகாம இருக்காது.

ஸ்டெப் 4: என்ஜின்

ஆம்னில என்ஜின் முன் சீட்டுக்கு அடியில, 796 சிசி, மூணு சிலிண்டர். சீட்டை தூக்கினா எல்லாம் கைக்கு எட்டும், அது வரம். கேஸ்கட், ரப்பர் பீடிங் போயிருந்தா புகை நேரா உள்ள வரும், அது சாபம், அந்த ரப்பரை புதுசா போடுங்க. டைமிங் பெல்ட் எப்ப மாத்தினதுன்னு பழைய ஓனருக்கு தெரியலைன்னா மாத்தலைன்னு அர்த்தம்.

காத்தையும் பெட்ரோலையும் கலந்து விடற கார்புரேட்டரை நீங்க எங்க இருக்கீங்களோ அங்க ட்யூன் பண்ணுங்க. ஊட்டி 2,240 மீட்டர், அங்க காத்தோட அடர்த்தி கடல் மட்டத்துல இருக்கறதை விட கிட்டத்தட்ட அஞ்சுல ஒரு பங்கு கம்மி, கோயம்புத்தூர்ல செட் பண்ணின வண்டி அங்க பெட்ரோலை அதிகமா குடிச்சு கறுப்பா புகை விடும், இழுக்காது. ரெண்டு பக்கமும் போற ஆளா இருந்தா குன்னூர், கோத்தகிரி உயரத்துல செட் பண்றது எனக்கு சரியா இருக்கு. ரேடியேட்டர்ல வெறும் தண்ணி வேண்டாம், கூலன்ட் பாதி தண்ணி பாதி, டிசம்பர் ஜனவரில தலைகுந்தா, காந்தல் பக்கம் உறைபனி கொட்டற ஊர் இது. ரேடியேட்டர் மூடி ரப்பரும் புதுசு போடுங்க, உயரத்துல தண்ணி 92, 93 டிகிரிலேயே கொதிக்கும், மூடி பிரஷர் பிடிச்சாதான் தாங்கும்.

இப்ப பங்க்ல வர்றது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். தொண்ணூறுகள் வண்டியோட பெட்ரோல் ஹோஸ் அதுக்கு செஞ்சதில்ல, இளகி கசியும், கீழ சூடான என்ஜின் இருக்குன்னு ஞாபகம் வச்சுக்கோங்க. எத்தனாலுக்கு ஆகும்னு கேட்டு புது ஹோஸ், புது கிளிப், புது ஃபில்டர். மாசக்கணக்கா நிறுத்தறதா இருந்தா டேங்க்ல பழைய பெட்ரோல் விடாதீங்க.

ஸ்டெப் 5: டயர்

டயர்ல பட்டன் தேயாம இருக்குன்னு ஏமாறாதீங்க. பக்கவாட்டுல நாலு நம்பர் இருக்கும், 2319னா 2019ல 23வது வாரம் செஞ்சது. ஆறு வருஷம் தாண்டினது காஞ்சு போய் மழை ரோட்ல வழுக்கும்.

ஸ்டெப் 6: உள் வேலை

எல்லாரும் ஆசைப்பட்டு முதல்ல பண்றது இது, நான் கடைசில வைக்கறேன். பெட்டுக்கு 12 மில்லிமீட்டர் கனத்துல, தண்ணி தாங்கற ப்ளைவுட், மூணு துண்டா, மடிச்சு எடுக்கற மாதிரி. வண்டில வெல்டு வச்சு, சீட்டை கழட்டி நிரந்தரமா மாத்தாதீங்க, ஆர்சில இருக்கற சீட் கணக்குக்கும் வண்டிக்கும் ஒத்து வரணும், இல்லைன்னா அடுத்த ரினீவல்ல நிப்பீங்க. ஓடறப்ப பெட்டுல யாரும் படுக்கக்கூடாது, பசங்களா இருந்தாலும் சீட், பெல்ட். ஆம்னில மூஞ்சிக்கு முன்னாடி ஒண்ணுமே கிடையாது, டிரைவர் முட்டிதான் பம்பர், அது தெரிஞ்சு மெதுவா ஓட்டுங்க. உள்ள அடுப்பு பத்த வைக்காதீங்க, கண்ணாடி மூடி இருந்தா கார்பன் மோனாக்சைடு வாசனையே தெரியாம ஆளை முடிச்சிடும். எங்க வீட்ல தக்காளி சாதமும் பிளாஸ்க்ல டீயும்தான்.

அஞ்சு பேர் மூச்சு விட்டா முன் கண்ணாடி மழைல மொத்தமா பூத்துடும், ப்ளோயர் சும்மா பேருக்கு. ரெண்டு பக்கமும் கண்ணாடியை விரக்கடை இறக்கி விடறதுதான் வேலை செய்யுது, கூடவே உள்பக்கம் கண்ணாடியை சோப்பு தண்ணில துடைச்சு காய வச்சா பூக்கறது குறையும்.

அப்டேட்: பிரேக் பத்தி எழுதினதை படிச்சுட்டு கொடைக்கானல்ல இருந்து ஒருத்தர், ஆயில் மாத்தியும் பெடல் தொங்குதுன்னு கேட்டிருந்தார். பின் டிரம்ல லைனர் அட்ஜஸ்ட்மென்ட் லூசா இருந்தாலும் அப்படித்தான் இருக்கும், ஆனா அது காலைல வண்டி ஆறி இருக்கறப்பவே தெரியும். அட்ஜஸ்ட் பண்ணிட்டு வீலை கையால சுத்தி பாருங்க, லேசா உரசற சத்தம் வந்தா போதும்.

அப்டேட் 2: ஹேண்ட் பிரேக் நிக்க மாட்டேங்குதுன்னு நிறைய பேர். கேபிள் புதுசு போடுங்க, ஆனாலும் சரிவுல அதை மட்டும் நம்பாதீங்க. மூஞ்சி மேட்டை பாத்திருந்தா ஃபர்ஸ்ட் கியர், பள்ளத்தை பாத்திருந்தா ரிவர்ஸ் கியர், முன் வீலை ஓரத்துக்கு திருப்பி விட்டுட்டு அடை கொடுங்க. அடைக்கு கல்லு தேடாதீங்க, முக்கோணமா ஒரு சவுக்கு கட்டை வெட்டி கயிறு கட்டி ஸ்லைடிங் டோர்கிட்ட போட்டு வைங்க. கல்லு வச்சவங்க கிளம்பறப்ப அதை ரோட்லயே விட்டுட்டு போறாங்க, பின்னாடி பனியில டூவீலர்ல வர்றவன் அதுல ஏறி விழறான்.